துணிக்கு ஒரு பி.எச்., கைக்கு ஒரு பி.எச்.

திருப்பூரில் சாயமேறிய பனியன் துணி, வெளிநாட்டு ஆர்டருக்குப் போகும் முன் ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே துணியைச் சிறு துண்டுகளாக வெட்டி, நீரில் போட்டுக் குலுக்கி, அந்த நீரின் பி.எச். அளவை எடுக்கிறார்கள். ஓயேகோ-டெக்ஸ் சான்றிதழ் கேட்கும் ஆர்டர் என்றால், குழந்தை உடைக்கும் உடலோடு ஒட்டி அணியும் உடைக்கும் அந்த அளவு 4.0க்கும் 7.5க்கும் இடையில் இருந்தாக வேண்டும். மனிதத் தோலை மனதில் வைத்து வகுத்த எல்லை இது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலம், அதன் பி.எச். பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை. காரம் தங்கிய துணி நாள் முழுக்க உரசினால் அந்த அமிலம் கெடும்.

அதே துணி சாயத்தில் ஓடியபோது அந்த நீரின் பி.எச். 11 அளவில் இருந்திருக்கும். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் பிடிப்பதற்கு உப்பு வேண்டும், சோடா ஆஷ் போன்ற காரமும் வேண்டும். பி.எச். கணக்கில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், தோலின் 5க்கும் தொட்டியின் 11க்கும் நடுவே பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். சாயம் முடிந்ததும் அசிட்டிக் ஆசிட் விட்டுத் துணியை நடுநிலைக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தத் துணியை இறக்கிய கையை அப்படிக் கொண்டுவருவதற்கு ஒரு படி எந்தப் பட்டறையின் வேலைத்தாளிலும் எழுதப்படுவதில்லை.

கிருமிகளிடமிருந்து உடலைக் காக்கத் தோல் ஒரே ஒரு வேலையைச் செய்வதில்லை. பல வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்கிறது. அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. பனியனை அணியப்போகிறவரின் தோலைப் பற்றி இந்தத் தொழில் மிக நுட்பமாக அறிந்து வைத்திருக்கிறது. அதே அறிவு பனியனைச் செய்கிறவரின் தோலுக்கும் பொருந்தும். அங்கே அதைப் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறோம்.

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். அதில் கிருமியை முதலில் தடுப்பது மிக மெல்லிய வெளி அடுக்கு. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக மற்ற இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான். அந்த அடுக்கில் உயிருள்ள செல்லே கிடையாது. மேல்தோலின் அடியில் பிறக்கும் செல்கள் மேலே ஏற ஏறத் தட்டையாகி, உட்கருவை இழந்து, கெரட்டின் என்னும் புரதம் நிரம்பிய தகடுகளாகி இறந்துபோகின்றன. தகடுகளுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த பசை நிரம்பியிருக்கிறது. அமெரிக்கத் தோல் ஆய்வாளர் பீட்டர் எலியாஸ் இதைச் செங்கல்லும் சாந்தும் என்று விளக்கினார். தகடு செங்கல், கொழுப்பு சாந்து. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும் வெளியிலுள்ள கிருமியும் ரசாயனமும் உள்ளே இறங்காமலும் பார்த்துக்கொள்வதில் பெரும்பங்கு சாந்தினுடையது. அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். உதிரும்போது தன்மேல் ஒட்டிய கிருமிகளையும் கூட்டிக்கொண்டு போகிறது. சும்மா உதிர்வதுபோலத் தெரிவதும் ஒரு காவல்தான்.

பருத்தி இழையின் மேலும் இயற்கையிலேயே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. அது இருக்கும்வரை துணி நீரைக் குடிக்காது, சாயமும் ஏறாது. அதனால் காஸ்டிக் சோடாவும் வெட்டிங் ஆயிலும் போட்டுத் துணியைக் கொதிக்க வைத்து அந்த மெழுகை எடுத்துவிடுகிறார்கள். சலவைப் பட்டறையின் முதல் வேலையே இதுதான். பருத்தியின் மெழுகைக் கரைக்கும் கலவை தோலின் சாந்தையும் கரைக்கும். இழைக்குச் செய்ய நினைத்ததைக் கைக்கும் அது செய்துவிடுகிறது. மூடிய சாஃப்ட் ப்ளோ சாய மெஷின்கள் வந்த பிறகு தொட்டிக்குள் கை போவது குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் வின்ச் என்னும் பழைய வகைச் சாய மெஷின் ஓடும் சிறு பட்டறைகளிலும், ஈரத்துணியை இறக்கி மாற்றும்போதும், நிறம் சரிபார்க்கச் சாம்பிள் எடுக்கும்போதும், சாயம் எடைபோட்டுக் கரைக்கும் இடத்திலும் கை நனையத்தான் செய்கிறது.

ஒருமுறை நனைந்தால் பெரிய சேதமில்லை. கெட்ட சாந்தில் பாதியை ஆரோக்கியமான தோல் அரை நாளில் சரிசெய்துவிடும். முழுதும் மீள மூன்று நாள் வரை ஆகும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்பது பலருக்கு வாடிக்கையான வேலை நாள். இன்று கெட்டது பாதி மீள்வதற்குள் நாளைய ஷிப்ட் தொடங்கிவிடுகிறது. தொழில்சார்ந்த தோல் அழற்சியில் பெரும்பகுதி ஒவ்வாமையால் வருவதில்லை. இப்படித் திரும்பத் திரும்ப அரிபடுவதால் வருகிறது. முதலில் விரலிடுக்கு வறளும், பிறகு சொரசொரப்பாகும், பிறகு வெடிக்கும். ஜெர்மனியின் தொழில் பாதுகாப்பு விதி, ஒரு ஷிப்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஈரத்தில் கை இருந்தாலே அதை ஈர வேலை என்று தனியாக வகைப்படுத்துகிறது. காரமோ சோப்போ கலக்காத வெறும் தண்ணீருக்கும் அந்த விதி பொருந்தும். நீரில் ஊறி உப்பிய தோல் தன் இறுக்கத்தை இழந்துவிடும். சாயப்பட்டறை வேலையில் அந்த இரண்டு மணி நேரம் காலையிலேயே கழிந்துவிடும்.

அமிலத்தின் பங்கு இங்கேதான் வருகிறது. தோலுக்கு மேல் ஓர் அமிலப் போர்வை இருக்கிறது, அது கிருமிகளுக்கு எதிரானது என்ற கருத்தை 1928இல் ஜெர்மனியில் ஷாடேயும் மார்ச்சியோனினியும் முன்வைத்தார்கள். அமிலம் கிருமிகளைக் கொல்கிறது என்று மட்டும் பலகாலம் நினைத்திருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இதைவிட முக்கியமான ஒன்றைக் காட்டின. செராமைடைத் தயாரிக்கும் என்சைம்கள் அமிலச் சூழலில்தான் சரியாக வேலை செய்யும். தகடுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதத்தை வெட்டும் என்சைம்கள் காரத்தில் சுறுசுறுப்பாகிவிடும். ஆக, பி.எச். ஏறினால் சாந்து உற்பத்தி குறைகிறது, செங்கல்லும் கழல்கிறது. சீழ் உண்டாக்கும் ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா நடுநிலைக்கு அருகில் வசதியாக வளரும். எக்சிமா வந்த தோலில் சுமார் 70 சதவீதம் நோயாளிகளிடம் இந்தக் கிருமி குடியேறியிருப்பதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. கை வெடிப்பை வெறும் வறட்சி என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

ரியாக்டிவ் சாயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. பருத்தி இழையோடு ரசாயனப் பிணைப்பு ஏற்படுத்திக்கொள்வதால்தான் அந்தச் சாயம் துவைத்தாலும் போவதில்லை. அது புரதத்தோடும் பிணையும். தோலின் தகடுகளில் நிறைந்திருப்பது புரதம்தான். எனவே கையில் பட்ட நிறம் சோப்புக்குப் போகாது, அந்த அடுக்கு உதிரும்போதுதான் போகும். நீலக் கையோடு பஸ்ஸில் போக யாருக்குப் பிடிக்கும்? ப்ளீச்சிங் கரைசலிலோ ஹைட்ரோஸ் என்னும் சாயநீக்கி போட்ட தண்ணீரிலோ கை கழுவும் பழக்கம் உலகின் பல சாயத்தொழில் ஊர்களில் இருந்து வந்திருக்கிறது. சாயத்தைவிட அந்தக் கழுவல்தான் தோலுக்கு அதிகக் கேடு. இரண்டு வாரத்தில் தானாகப் போகும் நிறத்துக்காக மாதக்கணக்கில் ஆறாத வெடிப்பை வாங்கிக்கொள்கிறார்கள். எடைபோடும் இடத்தில் நல்ல கையுறை கொடுத்தாலே இது நடக்காது.

சாந்துக்கும் அமிலத்துக்கும் மேலே உயிருள்ள காவலும் இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் பத்து லட்சம் வரை நுண்ணுயிர்கள் வாழும். ஸ்டெபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் உட்பட இவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. இடத்தையும் உணவையும் பிடித்து வைத்துக்கொண்டு, சில சமயம் நேரடியாகவே எதிர்ப்பொருளைச் சுரந்து, கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்கின்றன. தோல் செல்களும் கிருமிக்கொல்லிப் புரதத் துண்டுகளைச் செய்கின்றன: டிஃபென்சின், கெத்தலிசிடின், சோரியாசின். கைகளிலும் முகத்திலும் எப்போதும் அழுக்கோடு பழகினாலும் ஈ.கோலை அங்கே எளிதில் குடியேறாததற்கு சோரியாசின் ஒரு காரணம் என்று 2005இல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். வியர்வையிலும் டெர்ம்சிடின் என்ற கிருமிக்கொல்லி இருக்கிறது; அது 2001இல் ட்யூபிங்கனில் கண்டறியப்பட்டது.

இதைச் சொல்லும்போது பனியன் தொழிலிலேயே எழும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். கிருமி எதிர்ப்புப் பூச்சு போட்டதாகச் சொல்லி, வெள்ளி உப்பு முதலானவற்றை ஏற்றிய உள்ளாடைகளும் விளையாட்டு உடைகளும் சந்தையில் இருக்கின்றன. நல்ல தோலுள்ள ஒருவருக்கு அன்றாட உடையில் அது தேவை என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தோலின் மேல் ஏற்கெனவே காவல் இருக்கிறது, அதைச் செய்வதும் நுண்ணுயிர்கள்தான். வியர்வையை உறிஞ்சும் பருத்திப் பனியன், தினம் துவைத்து வெயிலில் நன்றாகக் காய்ந்தால், அதற்கு மேல் ஒரு பூச்சு எதற்கு?

மேல்தோலின் உயிருள்ள அடுக்குகளுக்கு நடுவே கிளைகளை நீட்டிக்கொண்டு ஒருவகை செல்கள் இருப்பதை 1868இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் கண்டார். அவற்றை நரம்பு செல்கள் என்று அவர் கருதினார். உள்ளே நுழையும் அந்நியப் பொருளைப் பிடித்து, நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய் நோய் எதிர்ப்பு செல்களுக்குக் காட்டும் காவலர்கள் அவை என்பது தெரிய நூறாண்டுக்கு மேல் ஆனது. உட்தோலில் டி செல்களும் மாஸ்ட் செல்களும் இருக்கின்றன. தோலில் உள்ள டி செல்கள் ரத்தத்தில் உள்ளவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாயப்பொடிக்கும் ஃபார்மால்டிஹைடு ஃபினிஷிங்குக்கும் சிலருக்கு ஒவ்வாமை வருவதும் இந்தச் செல்கள் வழியாகத்தான். ஒருமுறை பதிந்துவிட்டால் அந்த நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் நீடிக்கும். உடலோடு ஒட்டும் துணியில் ஃபார்மால்டிஹைடு கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஓயேகோ-டெக்ஸ் அளவு வைத்திருப்பதும் இதை அறிந்துதான்.

இத்தனை அடுக்கும் ஓர் ஊசிக்குத்தில் தாண்டப்பட்டுவிடும். தமிழ்நாட்டின் மருத்துவ வரலாற்றில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. 1842இல் மதுரை மருத்துவமனையில் பணியாற்றிய கில் என்ற ஆங்கிலேய மருத்துவர், கால் வீங்கி, ஓட்டை ஓட்டையாகச் சீழ் வடியும் ஒரு நோயைப் பற்றி எழுதினார். மதுரைக் கால் என்று அது உலகெங்கும் அறியப்பட்டது. மண்ணில் வாழும் பூஞ்சையும் பூஞ்சையை ஒத்த பாக்டீரியாவும், வெறுங்காலோடு வயலில் நடப்பவரின் காலில் முள் தைத்த துளை வழியாக உள்ளே போய் ஆண்டுக்கணக்கில் வளர்வதால் வருகிறது. தைக்காத தோலில் அதே மண் நாள் முழுக்க ஒட்டியிருந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

பனியன் கம்பெனியில் முள்ளின் இடத்தில் மெஷின் ஊசி இருக்கிறது. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எதில் உட்கார்ந்தாலும் விரலில் ஊசி ஏறியதில்லை என்று சொல்லும் டெய்லரைப் பார்ப்பது அரிது. அந்த ஊசியோடு நூலும் சேர்ந்தே உள்ளே போகிறது. இது ஏன் முக்கியம் என்பதை 1957இல் லண்டனில் எலெக், கோனன் என்ற இருவர் செய்த ஆய்வு காட்டுகிறது. தன்னார்வலர்களின் தோலுக்குள் ஸ்டெபைலோகாக்கஸ் கிருமியை மட்டும் செலுத்தியபோது, சீழ் வைக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்டன. அதே கிருமியை ஒரு பட்டு நூலில் ஏற்றித் தோலுக்குள் வைத்தபோது சில நூறு போதுமாக இருந்தது. அந்நியப் பொருளொன்று உள்ளே கிடந்தால், வெள்ளை அணுக்களுக்கு எட்டாத மறைவிடம் கிருமிக்குக் கிடைத்துவிடுகிறது. நூலிழையோ ஊசி முனையோ உள்ளே தங்கிய விரலை வெறும் பிளாஸ்டர் ஒட்டி அனுப்பக் கூடாது. கழுவி, உள்ளே ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று கேட்டு, இரண்டு நாள் கவனிக்க வேண்டும். நகச்சுற்று என்று தொடங்கி எலும்பு வரை போகும் தொற்று இந்த அலட்சியத்தால்தான் வருகிறது.

ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஏற்றுமதிக் கம்பெனிகளில் கடுமையான விதி இருக்கிறது. உடைந்த துண்டுகள் அத்தனையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டிக் கணக்குக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். துண்டு கிடைக்கவில்லையென்றால் அந்த இடத்துப் பீஸ்களை எல்லாம் மெட்டல் டிடெக்டரில் ஓட்டுவார்கள். வெளிநாட்டுக் குழந்தையின் உடம்பில் ஒரு முனை குத்திவிடக் கூடாது என்ற அக்கறை அது, நல்ல அக்கறை. ஊசி ஏறிய விரல்களுக்கும் அப்படி ஒரு பதிவேடு வைப்பதில் என்ன சிரமம் இருக்கிறது?

வலியும் தோலின் காவலில் சேர்ந்ததுதான். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் உதிர்கின்றன என்ற பழைய நம்பிக்கையை மாற்றியவர். உணர்ச்சி போன கையில் சூடும் வெட்டும் தெரியாமல் பட்டு, காயம் கவனிக்கப்படாமல் தொற்று ஏறியே விரல்கள் போகின்றன என்று அவர் காட்டினார். தையல்காரரின் நரம்புகள் நன்றாகத்தான் இருக்கின்றன, வலியும் தெரிகிறது. பீஸ் ரேட்டில் உட்கார்ந்திருப்பவரால் அந்த வலிக்காக எழுந்து போக முடிவதில்லை.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியா முழுக்கத் தோல் மருத்துவர்களைத் திணறடித்தது படர்தாமரை. இந்தப் பூஞ்சை உயிருள்ள செல்லுக்குள் போவதில்லை. இறந்த தகடுகளின் கெரட்டினையே தின்று வாழ்கிறது. தோல் அதை எதிர்ப்பது இரண்டு வழியில்: தகடுகளை வேகமாக உதிர்ப்பது, டி செல்களை அனுப்பி அழற்சி உண்டாக்குவது. சிவப்பும் அரிப்பும் அந்த எதிர்ப்பின் அடையாளம். முன்பு இரண்டு மூன்று வாரத்தில் கேட்ட படர்தாமரை இப்போது மாதக்கணக்கில் நீள்கிறது. ஜப்பானில் வசித்த நேபாள, இந்திய நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த, இதற்குக் காரணமான பூஞ்சை இனத்துக்கு 2020இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். டெர்பினஃபின் மாத்திரைக்கு இதில் பல வகைகள் கட்டுப்படுவதில்லை. 2023இல் நியூயார்க்கிலும் இது பதிவானது.

இவ்வளவு பரவியதற்கு மெடிக்கல் ஷாப் க்ரீம்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது இந்தியத் தோல் மருத்துவர்களின் பொதுவான கருத்து, எனக்கும் அதில் சந்தேகமில்லை. குளோபெட்டசால் போன்ற வலுவான ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஓர் ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த க்ரீம் பூசினால் அன்று இரவே அரிப்பு நிற்கும். தோலின் எதிர்ப்பு அடங்கியதால் நின்ற அரிப்பு அது. பூஞ்சை தடையில்லாமல் பரவும். 2018 மார்ச்சில் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடைசெய்த 328 கூட்டு மருந்துகளில் இப்படிப்பட்ட சில க்ரீம்களும் இருந்தன. சட்டம் வந்தாலும் பழக்கம் போகவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூருக்கு வந்து ஓர் அறையில் பலராகத் தங்கும் இளைஞர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். துண்டும் பாயும் பொது, துணி அறைக்குள்ளேயே கொடியில் காய்கிறது, டாக்டரைப் பார்க்க அரைநாள் கூலி போகும். ஒருவருக்கு மருந்து கொடுத்து மற்றவர்களை விட்டால் திரும்பவும் வரும். அறையில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துச் சிகிச்சை, தனித்தனித் துண்டு, சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்த மொட்டை மாடியில் இடம்: விடுதி நடத்தும் கம்பெனியால் இது முடியும்.

நொய்யல் ஆற்றில் ஓடிய சாயக்கழிவுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்குத் திருப்பூர் மாறியது. பெரும் செலவில், பெரும் சிரமத்தோடு செய்த மாற்றம் அது. ஆற்றுக்காக அதைச் செய்ய முடிந்த ஊருக்குக் கைகளைக் காப்பது பெரிய காரியமில்லை. முழங்கை வரை வரும் நைட்ரைல் கையுறை வேண்டும். அதற்குள் வியர்த்து ஊறாமலிருக்க மெல்லிய பருத்தி உள்கையுறை வேண்டும். அதற்கான துணி கட்டிங் மேஜையில் தினமும் மிஞ்சுகிறது. கை கழுவக் காரச் சோப்புக்குப் பதில் தோலின் பி.எச்.ஸுக்கு அருகிலுள்ள திரவம் வைக்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் பூச வாசலில் ஒரு டப்பா வாசலின் வேண்டும். சாந்து மீளும்வரை அது தற்காலிக மூடியாக நிற்கும். கையில் வெடிப்பு விட்டவரை ஆறும்வரை உலர்ந்த வேலைக்கு மாற்ற வேண்டும், சம்பளம் குறையாமல்.

ரசாயனத்தால் வரும் தோல் அழற்சி 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாக எழுதப்பட்டது. தெரிவிக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கும் உண்டு, சிகிச்சை தரும் மருத்துவருக்கும் உண்டு. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கையை நீட்டுபவரிடம் என்ன வேலை, எந்தப் பிரிவு, எத்தனை நாளாக என்று கேட்டு, அதைச் சீட்டில் எழுதி, தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்ப ஐந்து நிமிடம் ஆகும். அப்படி அனுப்பத் தொடங்கினால் எந்தப் பட்டறையில், எந்த மெஷினருகில் கைகள் வெடிக்கின்றன என்பது ஓராண்டுக்குள் தெரிந்துவிடும். கையுறையும் உலர்ந்த வேலையும் முதலில் எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.